சுதர்சினி ஆயிலியம் பார்த்த கதை

கெலிஓயாக் கடைத்தெருவில் றவூப் முதலாளியின் கொமியுனிகேஷன் கடைக்குள் நுழைந்தால், போட்டோக்கொப்பி மெஷினுக்குப் பின்னால் கண்ணாடி போட்ட ஒரு பெண் உட்கார்ந்திருப்பாள். பிள்ளைக்கு ஜாதகம் அடிக்க வந்திருக்கிறேன் என்று சொல்லிப் பாருங்கள். பெயரைக் கேட்பதற்கு முன்னால் அவள் வேறொன்றைக் கேட்பாள்.

"பழைய நேரமா, புது நேரமா?"

வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் விழிப்பார்கள். உள்ளூர்க்காரர்களிலும் பாதிப் பேருக்கு அது மறந்துபோய்விட்டது. தொண்ணூற்றாறாம் ஆண்டு மின்சாரத்தை மிச்சம் பிடிக்க வேண்டும் என்று இலங்கை அரசாங்கம் நாட்டின் மணிக்கூட்டையே முன்னால் தள்ளி வைத்தது. முதலில் ஒரு மணித்தியாலம் தள்ளினார்கள். சில மாதம் கழித்து மனம் மாறி, பாதியைத் திருப்பிக் கொடுத்து அரை மணித்தியாலமாக்கினார்கள். அந்த அரை மணித்தியாலம் இரண்டாயிரத்தாறாம் ஆண்டு சித்திரை வரைக்கும் அப்படியே நின்றது. பிறகு ஒரு நாள் அதையும் எடுத்துவிட்டு, நாடு பழைய நேரத்துக்குத் திரும்பியது.

எல்லோரும் மறந்ததைச் சுதர்சினி மறக்க முடியாது. கடையின் மூலையில் இருக்கும் கம்பியூட்டர் பழசு. அதில் இருக்கிற ஜாதகப் புரோகிராம் அதைவிடப் பழசு. அந்தப் பத்து வருஷத்துக்குள் பிறந்தவர்களுக்கு அரை மணித்தியாலத்தைக் கையால் கழித்துத்தான் போட வேண்டும். கழிக்காவிட்டால் லக்கினம் மாறும், சில பேருக்கு நட்சத்திரமே மாறும். அதனால் அவள் ஆளை விட மாட்டாள்.

"ஆஸ்பத்திரியில எழுதிக் குடுத்த நேரம்தாங்க மிஸ்."

"அது புது நேரம். அரை மணித்தியாலம் கழிக்கணும்."

"ஐயோ, அப்ப எம் புள்ள முந்தியே பொறந்துட்டானா?"

"அவன் பொறந்தப்பதான் பொறந்தான். மணிக்கூடுதான் முந்திப் போயிருச்சு."

றவூப் முதலாளிக்கு இந்த ஜாதக வேலையில் நம்பிக்கையும் இல்லை, பேச்சும் இல்லை. "அந்த மூல ஒங்கட மூல. நான் அந்தப் பக்கம் பாக்கவும் மாட்டேன்" என்று முதல் நாளே சொல்லிவிட்டார். ஆனால் ஜாதகம் அடிக்க வருகிறவர்கள் மழையில் நின்றால், உள்ளே வந்து உட்காரச் சொல்லிக் கதிரை எடுத்துப் போடுவதும் அவர்தான்.

இந்த மூலைக்கு இன்னொரு விதமான கிராக்கியும் வரும். அனேகமாக அம்மாமார். குரலைத் தாழ்த்தி, "மிஸ், நேரத்தக் கொஞ்சம் தள்ளி அடிச்சுத் தாங்களேன், பொண்ணுக்கு இந்த நட்சத்திரம் சரியில்லன்னு சொல்றாங்க" என்பார்கள். சுதர்சினி முடியாது என்று சொல்வாள். கோபித்துக்கொண்டு கம்பளைக்குப் போய் வேறு கடையில் அடித்துக்கொள்கிறவர்கள் உண்டு. போகிறவர்களை அவள் திட்டியதில்லை. ஏனென்றால், தள்ளி அடித்திருந்தால் தன் வாழ்க்கை எப்படிப் போயிருக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

சுதர்சினிக்கு நாற்பத்தொரு வயது. கண்டியை ஒட்டிய மஹய்யாவையில் பிறந்து, அங்கேயே இன்னும் இருக்கிறாள். அப்பா கணபதி மாநகர சபையில் வேலை செய்தவர். விடியற்காலையில் கண்டித் தெருக்களைக் கூட்டிச் சுத்தம் செய்துவிட்டு வந்து, மகள் படிக்கிறாளா என்று பார்த்துவிட்டுத்தான் தேநீர் குடிப்பார். அவளுக்கு இருபத்தொரு வயதானபோது கம்பளையிலிருந்து யோகராஜ் என்று ஒரு மாப்பிள்ளை பார்க்க வந்தார். ஆள் நல்ல ஆள். வந்த இடத்தில் வெட்கப்பட்டு, வடையைக் கையிலேயே வைத்துக்கொண்டு அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவளுக்கும் பிடித்துத்தான் இருந்தது. ஒரு வாரத்தில் ஜாதகம் திரும்பி வந்தது. பெண்ணுக்கு ஆயிலியம். ஆயிலியத்தில் பிறந்த மருமகள் வந்தால் மாமியாரின் உயிருக்கு ஆகாது என்று யாரோ சொல்லிவிட்டார்கள். மாப்பிள்ளையின் அம்மா உயிரோடு இருந்தார், இன்னும் கொஞ்ச காலம் இருக்கவும் விரும்பினார். அவரைக் குறை சொல்லி என்ன?

தரகருக்கு மட்டும் மனம் விடவில்லை. ஜாதகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: இவள் பிறந்தபோது ஆயிலியம் முடிய இருபது நிமிஷம்தான் இருந்திருக்கிறது. அரை மணித்தியாலம் தள்ளி எழுதிவிட்டால் மகம். மகம் என்றால் கதவு திறக்கும். கணபதிக்கு ஆசைதான். எந்த அப்பாவுக்குத்தான் இருக்காது? மகள்தான் மறுத்துவிட்டாள்.

"நான் பொறந்த நேரத்துலதாங்கப்பா பொறந்தேன். அரை மணித்தியாலம் பொய் சொல்லிட்டுப் போனா, அந்த வீட்டுல ஆயுசுக்கும் நான் மகமாவே நடிக்கணுமே."

அதற்குப் பிறகு நாலு ஜாதகம் போய் நாலும் திரும்பி வந்தன. அப்பா இறந்துபோனார். தம்பிக்குக் கல்யாணமாகி நாத்தனார் முறைக்கு இவள் ஒருத்தியாக அதே வீட்டில் இருந்தாள். காலையில் மஹய்யாவையிலிருந்து கண்டிக்கு ஒரு பஸ், கண்டியிலிருந்து கெலிஓயாவுக்கு இன்னொரு பஸ், சாயந்திரம் அப்படியே திரும்பி. அழுது வடிந்துகொண்டிருந்தாள் என்று நினைக்க வேண்டாம். நன்றாகச் சிரிப்பாள், அதைவிட நன்றாகச் சிரிக்க வைப்பாள். ஆனால் ஒரு நினைப்பு மட்டும் முள்ளாக அவளுக்குள் இருந்தது. ஆயிலியம், ஆயிலியம் என்று எத்தனையோ தடவை டைப் பண்ணியிருக்கிறாள். அது எப்படி இருக்கும்? தன்னை இத்தனை வருஷம் ஒரு பக்கமாக உட்கார வைத்த அந்த நட்சத்திரம் எங்கே நிற்கிறது? கோயில் ஐயரிடம் ஒரு தடவை கேட்டாள். அவர் பஞ்சாங்கத்தைத் திறந்து பக்கத்தைக் காட்டினார். வானத்தைக் காட்டச் சொன்னபோது சிரித்துவிட்டு மணியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். அவர்மேல் பிழை இல்லை. அர்ச்சனைத் தட்டோடு நின்று நட்சத்திரம் சொல்கிற அத்தனை பேரிலும், அதை அண்ணாந்து பார்த்துக் காட்டக்கூடியவர் ஒருவர்கூட இருக்க மாட்டார்.

இந்த வருஷம் தை மாதம் மஹ்ரூப் சேர் கடைக்கு வந்தார். பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறவர். கையில் ஒரு புத்தகம்; முழுவதும் போட்டோக்கொப்பி வேண்டும் என்றார். கனடாவில் இருக்கும் பழைய மாணவர் ஒருவர், தான் பாவித்த டெலஸ்கோப்பைப் பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்திருக்கிறார், இது அதோடு வந்த புத்தகம்.

சுதர்சினிக்கு ஒரு பழக்கம். போட்டோக்கொப்பி அடிக்கிற எதையும் அவள் படித்துவிடுவாள். காணி உறுதி, வழக்குக் கடுதாசி, கல்யாணப் பத்திரிகை, எதுவாக இருந்தாலும். வெளியே ஒரு சொல் சொல்ல மாட்டாள், ஆனால் படிப்பாள். அன்றைக்கு அறுபது பக்கத்தையும் மெஷினின் பச்சை வெளிச்சம் போய் வருகிற இடைவெளியில் பக்கம் பக்கமாகப் படித்தாள். இங்கிலீஷில் பாதி விளங்கியது, பாதி விளங்கவில்லை. விளங்கிய பாதியே அவளைப் பிடித்துக்கொண்டது.

டெலஸ்கோப் என்றால் ஒரு குழாய், அதற்குள் கண்ணாடி. அது யாருக்கும் தெரியும். அதை எந்தப் பக்கம் திருப்புவது என்பதுதான் சிக்கல். வானம் பெரிது, குழாய்க்குள் தெரிகிற துண்டு ஒரு மிளகளவு. இந்த டெலஸ்கோப்பின் கெட்டித்தனம் அதைத் தாங்குகிற கையில் இருந்தது. கைக்குள் இரண்டு மோட்டார், பக்கத்தில் வயரில் தொங்கும் ஒரு ரிமோட். ரிமோட்டுக்குள் ஆயிரக்கணக்கான நட்சத்திரங்களின் விலாசம். ஊரையும் தேதியையும் நேரத்தையும் சொல்லி, இரண்டு நட்சத்திரத்தைச் சரியாகக் காட்டிக் கொடுத்துவிட்டால் போதும். அதற்குப் பிறகு எதைக் கேட்டாலும் தானாகத் தேடிப் போய், இதுதான் அது என்று நிற்கும்.

"சேர், இதுல ஆயிலியம் இருக்குமா?"

"அது என்ன சாமான், தங்கச்சி?"

"நட்சத்திரம். என்னோட நட்சத்திரம்."

மஹ்ரூப் சேர் யோசித்தார். "அந்தப் பேர்ல ஈக்காது. இங்கிலீஷ் பேர், இல்லாட்டி நம்பர் ஈந்தா எதுக்கும் போவும். மெஷின சரிப்படுத்தின பொறகு வாங்களேன், பாப்போம்."

அவருக்கு அது ஒரு மரியாதைப் பேச்சு. சுதர்சினிக்கு அழைப்பு. அடுத்த இரண்டு வாரம் கடை மூடுகிற நேரத்தில் அவள் இன்டர்நெட்டில் உட்கார்ந்து, அசுவினி முதல் ரேவதி வரை இருபத்தேழுக்கும் இங்கிலீஷ் பேரும் நம்பரும் தேடி எடுத்தாள். ரோகிணி, சித்திரை, கேட்டை எல்லாம் பிரகாசமானவை, சுலபமாக அகப்பட்டன. ஆயிலியம் மட்டும் மங்கல். வெள்ளைக்காரர்கள் அதைத் தண்ணீர்ப் பாம்பின் தலையில் வைத்திருந்தார்கள். நம்மவர்களும் ஆயிலியத்துக்குப் பாம்பைத்தான் தெய்வமாகச் சொல்கிறார்கள். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி யோசித்ததைப் பார்த்து அவள் தனக்குள்ளேயே சிரித்தாள்.

றவூப் முதலாளி எட்டிப் பார்த்தார். "ஜாதகம் போதாதுண்டு வானத்தயே போட்டோக்கொப்பி அடிக்கப் பாக்கிறீங்களா?"

"அடிச்சாலும் ரெண்டு பக்கமும் அடிக்கணுமே முதலாளி" என்றாள் சுதர்சினி.

மாசி மாதத்தில் ஒரு சாயந்திரம் பள்ளிக்கூட மைதானத்தில் பிள்ளைகளும் பெற்றோரும் கூடினார்கள். சுதர்சினியும் கடைசி வரிசையில் நின்றாள். மஹ்ரூப் சேர் மேற்கில் பளபளத்துக்கொண்டிருந்த வியாழனைக் கேட்டு ரிமோட்டை அழுத்தினார். மெஷின் கரகரவென்று திரும்பி, மிகவும் கம்பீரமாக, ஒன்றுமே இல்லாத இடத்தைப் பார்த்து நின்றது. சந்திரனைக் கேட்டார். அதையும் தவறவிட்டது. சந்திரனை! கண் இல்லாதவர்கூட அங்கேதான் இருக்கிறது என்று சொல்லக்கூடிய சந்திரனை! முதலிலிருந்து தொடங்கினார். மெஷின் ஒரு நட்சத்திரத்துக்குப் போகும். பக்கத்தில் தெரிகிற பிரகாசமானதை இதுதானாக்கும் என்று மஹ்ரூப் சேர் நடுவில் வைத்து அழுத்துவார். அது வேறொன்றாக இருக்கும். மெஷினின் மூளை இன்னும் குழம்பும். கடைசியில் குழாய் தண்ணீர்த் தாங்கியின் சுவரைப் பார்த்து நின்றது. பிள்ளைகள் கைதட்டிச் சிரித்தார்கள்.

பங்குனியில் இரண்டாவது தடவையும் அதே கூத்து. அன்றைக்குப் பள்ளிக்கூடத்து அதிபர் ராஜலிங்கமும் வந்திருந்தார். கெட்ட மனுஷர் இல்லை. ஆனால் வந்த பெற்றோருக்கு முன்னால் தலைகுனிவு என்றால் யாருக்குத்தான் பொறுக்கும்?

"தவணை லீவு விடுறதுக்கு முந்தி இத வலயக் கல்வி ஆபீசுக்கு அனுப்பிருவோம் சேர். பாவிக்கத் தெரிஞ்ச ஸ்கூல் ஒண்ணு எடுத்துக்கட்டும்" என்றார்.

மஹ்ரூப் சேர் தலையாட்டினார். பத்து வருஷம் அந்தப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு வானம் என்றால் புத்தகப் படம் மட்டும்தான் காட்டியிருக்கிறார். அந்த முகத்தைச் சுதர்சினியால் பார்க்க முடியவில்லை. இந்த மெஷின் போய்விட்டால் இன்னொன்று கெலிஓயாப் பக்கம் எப்போது வரப்போகிறது? அப்படியே வந்தாலும், போட்டோக்கொப்பிக் கடைப் பெண்ணைக் கூப்பிட்டுக் காட்டப்போகிறவர் யார்? அடுத்த நாளே அவள் பள்ளிக்கூட வாசலில் போய் நின்றாள்.

"சேர், அனுப்புறதுக்கு முந்தி ஒரே ஒரு தடவ போட்டுப் பாப்போம். ஆயிலியத்தப் பாத்துட்டேன்னா போதும், பொறகு குடுத்து அனுப்புங்க."

"எனக்கே ஏலாமப் போச்சே தங்கச்சி."

"ஏலாட்டி ஏலாம போகட்டும் சேர். போடாமலே அனுப்பக் கூடாது."

தவணை முடிவதற்கு மூன்று நாள் இருக்கும்போது, சித்திரை வருஷப் பிறப்புக்கு ஊரெல்லாம் சாமான் வாங்கிக்கொண்டிருந்த ஒரு சாயந்திரம், மஹ்ரூப் சேர் டெலஸ்கோப்பைக் கடைசி முறையாக மைதானத்துக்கு எடுத்து வந்தார். யாருக்கும் சொல்லவில்லை. ஆனாலும் ஒரு முப்பது நாற்பது பேர் வந்துவிட்டார்கள். நம்முடைய ஊரில் சொல்லாத செய்திதான் முதலில் போய்ச் சேரும். அதிபரும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வந்து நின்றார்.

சுதர்சினி ஆறரைக்கே வந்துவிட்டாள். மைதானத்துப் படிக்கட்டில் மூன்றாவது படியில் உட்கார்ந்தாள். ஏழு மணிக்கு வெளிச்சம் மங்கியதும் வியாழன்தான் முதலில் தெரிந்தது, மைதானத்து ஓரத் தென்னையின் உச்சிக் குருத்துக்கு நேர் மேலே. மஹ்ரூப் சேர் ஒரு பக்கம் முக்காலியை மட்டம் பார்த்துக்கொண்டிருந்தார். வடக்குக்குத் திசைகாட்டிதான் துணை. துருவ நட்சத்திரம் கண்டியில் தரையை ஒட்டியே நிற்கும், அதுவும் மலைக்குப் பின்னால். அதை நம்பி இந்த ஊரில் யாரும் எதையும் நேர்ப்படுத்த முடியாது. பிறகு ஊர், தேதி, நேரம். எல்லாம் முடிந்து, நட்சத்திரம் காட்டிக் கொடுப்பதற்கு முன்னால் ஒரு தடவை பார்ப்போம் என்று வியாழனைக் கேட்டு அவர் அழுத்தியபோது ஏழரை தாண்டியிருந்தது.

மெஷின் கரகரவென்று திரும்பி நின்றது. மஹ்ரூப் சேர் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தார். கண்ணாடிக்குள் வியாழன் இல்லை. கூட்டத்தில் யாரோ செருமினார்கள்.

சுதர்சினி மூன்றாவது படியை விட்டு அசையவில்லை. அங்கிருந்து அந்தக் குழாயின் திசையிலேயே பார்வையை ஓட்டினாள். தென்னையின் உச்சிக் குருத்துக்கு நேர் மேலே. அங்கே வெறும் வானம். வியாழன் இதற்குள் நாலு விரல் அளவு கீழே இறங்கி, ஓலைகளுக்குப் பக்கமாக வந்திருந்தது. அவள் எழுந்தாள்.

"சேர், அரை மணித்தியாலத்துக்கு முந்தி அது அங்கதான் நின்னுச்சு."

"எது?"

"வியாழன். மெஷின் பாக்குற எடத்துலதான். நான் பாத்துக்கிட்டே இருந்தேன். இது பிழையான எடத்துக்குப் போகல சேர். சரியான எடத்துக்குத்தான் போகுது, பிழையான நேரத்துல."

மஹ்ரூப் சேர் கைபேசியை எடுத்துக் காட்டினார். ரிமோட்டில் போட்ட நேரமும் கைபேசி நேரமும் ஒன்றுதான், நிமிஷம் பிசகவில்லை.

"ஊரு என்னன்னு போட்டீங்க?"

"கொழும்பு. கண்டி இதுல இல்ல. கொழும்ப போட்டா போதும், அவ்வளவு தூரம் இல்லையே."

"கொழும்புக்கு இது எந்த நேரத்த வச்சிருக்கு?"

மஹ்ரூப் சேருக்குக் கேள்வி விளங்கவில்லை. ஆனாலும் பொத்தான்களை அழுத்திப் பின்னால் போய்ப் பார்த்தார். லண்டன் நேரத்துக்கும் கொழும்பு நேரத்துக்கும் உள்ள வித்தியாசம் ரிமோட்டின் சிவப்பு எழுத்தில் வந்தது. ஆறு மணித்தியாலம்.

சுதர்சினி கையை வாயில் வைத்துக்கொண்டாள். சிரிப்பா அழுகையா என்று அவளுக்கே தெரியவில்லை.

"அஞ்சரைதானே சேர் வரணும்! இது புது நேரத்துல நிக்குது."

மஹ்ரூப் சேர் நெற்றியில் அடித்துக்கொண்டார். "யா அல்லாஹ்! இது ரெண்டாயிரத்து நாலுல செஞ்ச மெஷின்."

அவ்வளவுதான் விஷயம். அந்தப் பாவப்பட்ட மெஷின் பிறந்த காலத்தில் இலங்கை புது நேரத்தில் இருந்தது. நாடு பழைய நேரத்துக்குத் திரும்பிப் போனதை அதற்கு யாரும் சொல்லவில்லை. அது இங்கே வந்த நாளிலிருந்து அரை மணித்தியாலத்துக்கு முந்திய வானத்தை விசுவாசமாகத் தேடிக்கொண்டிருந்திருக்கிறது. கனடாவில் இருந்தவரைக்கும் அங்கத்தைய நேரத்தில் ஒழுங்காக ஓடிய சாமான்தான். உலகத்தில் எத்தனையோ பேர் இதைத் திருத்தப் படித்திருப்பார்கள். ஆனால் ஒரு பார்வையில் அரை மணித்தியாலத்தின் வாடையைப் பிடிக்க, அந்த அரை மணித்தியாலத்தை நாள்தோறும் கழித்துக்கொண்டிருக்கிற ஒருத்தி வேண்டியிருந்தது. கெலிஓயாவில் அப்படி ஒருத்தி இருந்தாள் என்பது கெலிஓயாவின் அதிர்ஷ்டம்.

"நீங்களே அடிங்க, தங்கச்சி" என்று ரிமோட்டை நீட்டினார் மஹ்ரூப் சேர்.

சுதர்சினி கண்ணாடியைத் தள்ளிவிட்டு ஆறை அழித்து ஐந்தரை போட்டாள். இனி இரண்டு நட்சத்திரம் காட்டிக் கொடுக்க வேண்டும். முதலாவதாக, வானத்திலேயே பிரகாசமான நட்சத்திரத்தை மஹ்ரூப் சேர் தேர்ந்தெடுத்தார். மெஷின் போய் நின்ற இடத்தில் அது பார்க்கிற கண்ணாடியின் ஓரத்திலேயே மின்னியது. இழுத்து நடுவில் வைத்தார். இரண்டாவதை அவள் தன் பட்டியலிலிருந்து எடுத்தாள். கிழக்குப் பக்கம் நன்றாக உயர்ந்திருந்த பிரகாசமான ஒன்று. அதன் தமிழ்ப் பெயர் மகம்.

குனிந்து கண்ணை வைத்தாள். நீலம் கலந்த வெள்ளையாக, கூர்மையாக, ராணி மாதிரி நின்றது மகம். வாழ்க்கையில் இதுதான் என்று தெரிந்து அவள் பார்த்த முதல் நட்சத்திரம். இதற்குள் போய் ஒளிந்துகொள் என்றுதான் தரகர் சொன்னார். அழகாகத்தான் இருக்கிறது என்று நினைத்தாள். நடுவில் வைத்து, பொத்தானை அழுத்தினாள்.

பிறகு வியாழனைக் கேட்டார்கள். மெஷின் திரும்பி நின்றது. மஹ்ரூப் சேர் பார்த்தார். நிமிர்ந்தபோது அவருடைய கண் கலங்கியிருந்தது, ஆனால் குரல் மைதானம் முழுக்கக் கேட்டது.

"வாங்க! எல்லாரும் வாங்க! நாலு சந்திரனோட நிக்கிது!"

வரிசை உடனே கட்டிக்கொண்டது. வியாழனின் வட்டத்தையும், அதில் ஓடுகிற பழுப்புக் கோடுகளையும், பக்கத்தில் ஒரே நேராக நிற்கிற நாலு புள்ளிகளையும் பார்த்துவிட்டு, பார்த்தவர்கள் மறுபடி வரிசையின் வாலில் போய் நின்றார்கள். அதிபர் ராஜலிங்கம் தன் முறை வந்தபோது மூச்சு விடாமல் பார்த்துக்கொண்டிருந்தார். பின்னால் நின்ற பிள்ளை சேர், சேர் என்று இரண்டு தடவை கூப்பிட வேண்டியதாகிவிட்டது.

"இது இங்கயே இருக்கட்டும் சேர்" என்று மட்டும் சொல்லிவிட்டு அவரும் வாலுக்குப் போனார்.

ரிமோட் சுதர்சினியின் கையில். யாருக்கு என்ன வேண்டும் என்று கேட்டு, அடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். ஒருவருக்குச் சந்திரன், ஒருவருக்குச் செவ்வாய், இன்னொரு அம்மாவுக்கு மகனுடைய திருவாதிரை. கடையில் நிற்கிற அதே நிதானம், அதே "அடுத்தது வாங்க". எட்டு மணி தாண்டியது. ஹந்தானை மலைப் பக்கமிருந்து கறுத்த மேகம் ஒன்று வானத்தில் ஏறத் தொடங்கியதை அவளும் கண்டாள். கண்டும், "அடுத்தது வாங்க" என்றாள். கூட நின்ற யாருக்காவது கோபம் வந்திருக்க வேண்டும். இத்தனை பேருக்கும் வானத்தைத் திறந்து விட்டவள் இன்னும் தன்னுடையதைப் பார்க்கவில்லை. அதை நினைத்துப் பார்க்க ஒரு ஆள் இல்லை. மஹ்ரூப் சேரும் சந்தோஷத்தில் மறந்துபோனார்.

மேகம் கிழக்கை மூடியது. மகம் மறைந்தது. தெற்கில் பாதி போனது. மேற்கும் தலைக்கு நேர் மேலேயும் மட்டும் மிச்சம். வரிசையில் இன்னும் பதினைந்து பேர் நின்றார்கள். முன்னால் நின்றவர் வியாழனைத் திரும்பக் காட்டச் சொல்லிக் கேட்டார்.

சுதர்சினி அவரைப் பார்த்தாள், வானத்தைப் பார்த்தாள். "கொஞ்சம் இருங்க" என்றாள்.

பட்டியலை எடுக்கவில்லை. அந்த நம்பர் மட்டும் அவளுக்கு மனப்பாடம். ஒவ்வொரு எண்ணாக அழுத்தினாள். குழாய் மெல்ல எழுந்தது, எழுந்துகொண்டே போய், கிட்டத்தட்டச் செங்குத்தாக நின்றது. ஆயிலியம் கண்டிக்கு உச்சி நட்சத்திரம். இந்த மண்ணில் நிற்கிறவர்களின் உச்சந்தலைக்கு மேலே அது தினமும் கடந்து போகிறது. அவள் இருபது வருஷமாகத் தேடியது தலைக்கு நேர் மேலே போய் வந்துகொண்டிருந்திருக்கிறது.

பார்க்கிற கண்ணாடி மிகவும் தாழ்ந்துபோனதால், மஹ்ரூப் சேர் முதலாம் வகுப்புப் பிள்ளைகளின் சின்னக் கதிரை ஒன்றைக் கொண்டுவந்து போட்டார். அதில் குந்தி, கண்ணை வைத்தாள்.

என்னென்னவோ நினைத்து வைத்திருந்தாள். சிவப்பாக, முறைக்கிற மாதிரி இருக்கும் என்று நினைத்திருந்தாள். பார்த்தவுடனே இரண்டு வார்த்தை கேட்டுவிட வேண்டும் என்றும் நினைத்திருந்தாள். அங்கே மஞ்சளாக, சாந்தமாக, யாருடைய மாமியாரையும் அறியாத ஒரு சின்ன வெளிச்சம் இருந்தது. அவளுக்குக் கோபம் வரவில்லை. மஹ்ரூப் சேர் பார்க்கிற கண்ணாடியைக் கழற்றி, பெரிதாகக் காட்டுகிற இன்னொன்றை மாட்டிக் கொடுத்தார். மறுபடி குனிந்தாள். காற்று ஒரு கணம் அசையாமல் நின்றபோது, மஞ்சளை ஒட்டிக்கொண்டு, மங்கலாக, நீலமாக இன்னொரு புள்ளி தெரிந்தது. போனது. திரும்ப வந்தது.

"சேர், இது ஒத்தையா இல்ல. பக்கத்துல ஒண்ணு இருக்கு."

"அப்பிடியா? எனக்கு அது தெரியாதே."

"யாருக்கும் தெரியாது சேர். எந்த ஜாதகத்துலயும் நான் அத அடிச்சதில்ல."

மேகம் உச்சிக்கு வந்துகொண்டிருந்தது. வரிசையில் யாரோ, அங்கே என்ன பார்க்கிறார்கள் என்று கேட்டார்கள். ஆயிலியமாம் என்று ஒருவர் சொல்ல, அந்தச் சொல் பின்னால் நின்ற பெண்கள் வரை போனது. அவர்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள். மஹ்ரூப் சேர் வானத்தைப் பார்த்து, வரிசையைப் பார்த்து, தயங்கித் தயங்கி அவள் பக்கம் குனிந்தார்.

"தங்கச்சி, மேகம் மூடப் போகுது. ஆக்கள் வரிசையில நிக்கிறாங்க."

சுதர்சினி கண்ணை எடுக்கவில்லை.

"நிக்கட்டுங்க சேர். நான் இருபது வருசமா நிக்கிறேன்."

மஹ்ரூப் சேர் நிமிர்ந்து வரிசைப் பக்கம் திரும்பி, எல்லோரையும் கொஞ்சம் பொறுக்கச் சொன்னார்.